அத்தை வீட்டுக் கோழிக்குப் பக்கு வரவில்லை

மாமியார் வீட்டு வாசலில் என்னை முதலில் பார்ப்பவை எப்போதும் கோழிகள்தான். மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். நம்பிக்கை வராமல் தலையைத் திருப்பி அடுத்த கண்ணாலும் பார்க்கும். மாப்பிள்ளை வந்தால் கூட்டத்தில் ஒரு தலை குறையும் என்பது அவற்றுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். ஆனால் அந்த வருடம் அவை என்னைக் கண்டு ஒதுங்கக்கூட இல்லை. எனக்கு முட்டைக் குழம்போடு சரி என்று அவற்றுக்கும் சேதி போயிருந்தது.

காரணம், என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி வரத் தொடங்கியிருந்த காலம். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர். காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் கோழிகளுக்குக் கம்பு இறைத்துவிடுவார். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் முதல் வேலை அவற்றைக் கூட்டில் அடைப்பது. மகளுக்கு நாள் தள்ளிப்போன சேதி வந்ததிலிருந்தே ஒரு கோழியைக்கூட அறுக்கவில்லை, விற்கவில்லை.

“பிள்ளை பெத்தவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு வேணும் மாப்ள. உங்க வீட்டு ஆளுகளும் வருவாக. மூத்தவ பேறுகாலத்துல இப்படித்தான் கூடு நிறைய வச்சிருந்தேன். அம்மை வந்து அம்புட்டையும் வாரிக்கிட்டுப் போயிருச்சு. கடைசியில சம்பந்தக்காரங்க முன்னால பிராய்லர்க் கோழியில குழம்பு வச்சேன். அந்தம்மா இன்னைய வரைக்கும் சொல்லிக் காட்டுது.”

அந்த அம்மா சொல்லிக் காட்டுவதில் அத்தைக்கு ஏற்பட்ட காயம் ஆறவே இல்லை. இந்தத் தடவை சம்பந்தி என் அம்மா. என் அம்மா சொல்லிக் காட்டுவதில் எப்படிப்பட்டவர் என்பதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. பாவம், ஏற்கெனவே பயந்திருந்தார்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடந்தன. நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மெஷினுக்கு உதவியாள். காலண்டர் சீசன் நெருக்கத்திலும் தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் விட்டிருந்தார்கள். மனைவியைப் பார்க்கப் போயிருந்தேன். கடைக்குப் போன அத்தை, முகம் சுண்டிப்போய்த் திரும்பி வந்தார்.

“கிழக்குத் தெருவுல கோழிக்கு அம்மை கண்டிருக்கு. குஞ்செல்லாம் கண்ணு மூடிக்கிட்டு நிக்குது. கொண்டையில மிளகு மிளகா கொப்புளம்.”

இந்த மாதிரி நேரத்தில் பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது.

“இதுக்குப் போயி ஏன் அத்தை கலங்குறீக? அம்மைக்குத் தடுப்பூசி இருக்கு. நானே போட்டுவிடுறேன்.”

கோழி அம்மைக்குத் தடுப்பூசி இருப்பதை நான் சலூனில் பழைய பேப்பர் ஒன்றில் பாதி படித்திருந்தேன். மீதிப் பாதியில் யாருக்கோ சவரம் செய்த நுரையை வழித்திருந்தார்கள்.

மாமா, அதாவது என் மாமனார், வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டு மகளிடம் கேட்டார். “மாப்ளைக்கு ஊசியக் கண்டாலே மயக்கம் வரும்னு சொன்னியேம்மா?”

“அது அவுகளுக்குப் போடும்போதுப்பா,” என்றாள் என் மனைவி. “கோழிக்குப் போட்டா கோழிதான் மயங்கணும்.”

அடுத்த நாள் சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். கையில் பிளாஸ்க். பேறுகாலத்தின்போது ஆஸ்பத்திரிக்குப் பால் கொண்டுபோக வாங்கி வைத்திருந்த புத்தம் புதிய பிளாஸ்க். மருந்தை ஐஸில்தான் கொண்டுவர வேண்டும் என்பது சலூன் பேப்பரின் முதல் பாதியில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆடு மாடு மருந்துக் கடை. கடை அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கோழி எத்தனை?”

“பத்துப் பதினஞ்சு இருக்கும் அண்ணாச்சி.”

“ஒரு குப்பி நூறு கோழிக்கு ஆகும். தண்ணியில கலக்கிட்டா ரெண்டு மணி நேரம்தான் உயிரு. தெருவையே சேத்துக்கோங்க.”

பிறகு அவர் ஒரு சின்னக் கைப்பிடியை எடுத்துக் காட்டினார். நுனியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஊசிகள். இறக்கையை விரித்தால் உள்ளே ஜவ்வு மாதிரி மெல்லிய தோல் இருக்கும். ஊசியை மருந்தில் முக்கி அந்தத் தோலில் ஒரே குத்து, அவ்வளவுதான். ரத்தக் குழாயில் படக் கூடாது, வெயில் படக் கூடாது, சீக்குக் கோழிக்குப் போடக் கூடாது. இதுவரைக்கும் ஒழுங்காகக் கேட்டேன். அதற்கப்புறம்தான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டேன். அம்மன் படம். சிவப்பு மட்டும் இடம் மாறி விழுந்து, உதட்டுச் சாயம் உதட்டை விட்டுக் கன்னத்துக்குப் போயிருந்தது. அச்சகத்துக்காரன் கண்ணுக்கு அது பக்கத்து இலையில் கிடக்கும் ஈ மாதிரி, பார்வை அதிலேயே போய் நிற்கும். யார் மெஷினில் ஓடியிருக்கும், எப்படி விட்டார்கள் என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்க, அண்ணாச்சி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் “சரிங்க அண்ணாச்சி” என்று மரியாதையாகத் தலையாட்டினேன்.

வரும் வழியில் மெடிக்கலில் ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்கினேன். இதை அண்ணாச்சி சொல்லவில்லை. என் சொந்த அறிவு.

அச்சகத்தில் எனக்கு முழுதாகத் தெரிந்த ஒரே வேலை துடைப்பது. ரோலரைத் துடை, பிளேட்டைத் துடை, மெஷின்மேன் கை வைத்த இடத்தையெல்லாம் துடை. திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் கழிவுத் துணி எந்நேரமும் என் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும். “அழுக்கு போனாத்தான்டா கலர் பிடிக்கும்” என்பார் மெஷின்மேன். நான் படித்த படிப்பு அதுதான். அதைக் கோழிக்கும் பொருத்திப் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும், கூட்டைத் திறக்கும் முன்பே வேலையை ஆரம்பித்தோம். முதல் மரியாதை அத்தை வீட்டுக்கு. மாமா கோழியைப் பிடித்துக் கொடுக்க, அத்தை இறக்கையை விரித்துப் பிடிக்க, தெருவே சுற்றி நின்று பார்த்தது. நான் பனியன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து இறக்கைத் தோலைத் துடைத்தேன். ஊசியைத் துடைத்தேன். மருந்தில் முக்கிக் குத்தினேன். குத்திய இடத்தை மறுபடி துடைத்தேன். பெரியாஸ்பத்திரி நர்சம்மாகூட ஒரு தடவைதான் துடைப்பார். நான் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

“எம்புட்டு சுத்தம் பாத்தியா,” என்று அத்தை எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னது என் காதில் தேனாகப் பாய்ந்தது. கூடுதலாக இன்னொரு தடவை துடைத்தேன்.

அத்தை வீட்டின் கடைசிச் சேவல் என் கையிலிருந்து உதறிக்கொண்டு எகிறியதில் ஸ்பிரிட் பாட்டில் உருண்டது. மண் அத்தனையையும் குடித்துவிட்டது. மற்ற வீட்டுக் கோழிகளுக்குத் துடைக்க ஒன்றும் இல்லை. மருந்துக்கோ நேரம் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மாவின் கோழியிலிருந்து தெருக்கோடி வரைக்கும் மொட்டையாகக் குத்திக்கொண்டே போனேன். எனக்கே மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தெரு முனையில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் நல்ல சுத்தமாகச் செய்திருந்தால் அவரும் சம்மதித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது நடை கொஞ்சம் டாக்டர் நடையாக மாறியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுமுன் ஒரு கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தேன். சுத்தமான தோல். ஊசி போட்ட தடமே இல்லை.

“கைராசி அத்தை,” என்றேன்.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பெரியம்மா, அக்குளில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு வந்தார்.

“வாங்க மருமகனே, வாங்க. உங்களைத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். நல்லா இருக்கீகளா? இங்கன பாருங்க, நீங்க குத்துன எடத்துல என்ன முளைச்சிருக்குன்னு.”

இறக்கையை விரித்துக் காட்டினார். ஊசி குத்திய இடம் வீங்கி, அதன்மேல் புண் காய்ந்தது மாதிரி ஒரு பக்கு கட்டியிருந்தது.

“எனக்கு மட்டும் இல்லை. தெருவுல அம்புட்டுக் கோழிக்கும் இப்படித்தான். கிழக்குத் தெருவுல இருந்த அம்மையை ஊசியில தொட்டுக் கொண்டாந்து எங்களுக்குக் குத்திட்டுப் போயிட்டீக!”

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஆனால் அத்தைக்கு உலரவில்லை. மருமகனை விட்டுக்கொடுப்பாரா? கூட்டிலிருந்து ஒரு கோழியை இழுத்தார்.

“இதப் பாருங்க மதினி. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே மருந்து. என் கோழிக்கு ஒரு புள்ளி இருக்கா? கூட்டைத் துப்புரவா வச்சிருக்கணும். குப்பைக்குள்ள கோழி வளத்தா பக்கு வராம பவுனா வரும்?”

“ஆமா, என் கூடு குப்பை, உன் கூடு கோயிலு! மாப்பிள்ளை மாமியா வீட்டுக்கு ஒரு மருந்து, ஊராருக்கு ஒரு மருந்துன்னு கொண்டாந்திருக்காரு!”

அத்தை விடவில்லை. ஒவ்வொரு கோழியாகத் தூக்கி, தேர்த் திருவிழாவில் சாமியைக் காட்டுகிற மாதிரி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். சண்டையை அமர்த்தலாம் என்று நான் உள்ளே புகுந்து, “அப்படியெல்லாம் இல்ல பெரியம்மா. ஸ்பிரிட் கொட்டிப்போனதால உங்க கோழிக்குத் துடைக்க முடியலை, அதான்…” என்றேன்.

“அப்ப துடைக்காமத்தான் எங்க கோழியக் குத்துனீகளா?”

நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்த வேகத்தை ஓட்டம் என்றும் சொல்லலாம்.

மருந்துக் கடை அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்தப் போகிற நேரம். மூச்சு வாங்கச் சொன்னேன். “தெருக் கோழிக்கெல்லாம் குத்துன எடத்துல பக்கு, என்ன மருந்து போடணும் அண்ணாச்சி?”

“எல்லாத்துக்கும் வந்துருச்சா?”

“எல்லாத்துக்கும் அண்ணாச்சி.” தலையைக் குனிந்துகொண்டேன்.

“அட, புது ஆளா இருந்தாலும் நல்லாத்தான் போட்டிருக்கீக!” என்றார் அவர். “பக்கு வந்தாத்தான் மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். ஒரு வாரம் கழிச்சு இறக்கையைத் தூக்கிப் பாருங்க, பக்கு இருக்கணும்னு அன்னைக்கே சொன்னேனே? நீங்க காலண்டரைப் பாத்தே தலையாட்டிக்கிட்டு நின்னீக. நமக்குச் சின்னப்பிள்ளையில குத்துன தழும்பு கையில இல்லையா? அது மாதிரிதான்.”

என் சட்டைக் கைக்குள் இருக்கும் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். தெருவே பிழைத்துவிட்டது. நான் பிழைத்துவிட்டேன். பெரியம்மாவிடம் போய் எப்படிச் சொல்ல வேண்டும் என்று வசனம் தயார் பண்ணிக்கொண்டே படி இறங்கினேன். கடைசிப் படியில்தான் உறைத்தது. திரும்பி ஏறினேன்.

“அண்ணாச்சி, பக்கு வராட்டி?”

“மருந்து பிடிக்கலை. திரும்பப் போடணும். எங்கிட்டுக் கோழிக்கு வரலை?”

“எங்க அத்தை வீட்டுக் கோழிக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஸ்பிரிட் போட்டுத் துடைச்சீகளோ?”

“குளிப்பாட்டியே விட்டேன் அண்ணாச்சி.”

“இது உயிரோட இருக்குற மருந்தய்யா. ஸ்பிரிட் பட்டா செத்துப்போகும். நீங்க அத்தை வீட்டுக் கோழிக்குக் குத்துனது பச்சைத் தண்ணி.”

பிளாஸ்க் கொண்டுவரவில்லை. அண்ணாச்சி ஒரு தூக்குச்சட்டியில் ஐஸைப் போட்டு அதற்குள் குப்பியை வைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டியை மடியில் வைத்துத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். ஊசி போட்ட கோழிகளில் நோய் தாக்கினால் சாகக்கூடியவை எவை என்று கேட்டால், நான் பார்த்துப் பார்த்துப் பக்குவமாகச் செய்தவை மட்டும்தான். கிழக்குத் தெருவுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் நாலே வேலிதான்.

அத்தையை அடுப்படிக்குள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப அவுக கோழியெல்லாம் தப்பிச்சிருச்சு. என் கோழிதான் மாட்டியிருக்கு?”

“ஆமா அத்தை.”

“நான் வேற ஒவ்வொண்ணாத் தூக்கித் தூக்கிக் காட்டுனேனே!”

வாசலில் இருந்த மாமா சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீகப்பா, இங்கனயே பெத்துருவேன்,” என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. விடியுமுன் அத்தை என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

“துண்டைக் குடுங்க மாப்ள. கைக்குட்டையையும் குடுங்க. பாக்கெட்டுல பனியன் துணி கினியன் துணி வச்சிருக்கீகளா?”

எல்லாவற்றையும் பிடுங்கி அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்க, துடைக்க வழியில்லாமல் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் குத்தி முடித்தேன். பெரியம்மாவிடம் அத்தையே போய் உண்மையைச் சொன்னார். அந்த வீட்டிலிருந்து வந்த குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது: “வாங்க மதினி, வாங்க. என் குப்பைக் கூட்டுக்குள்ள வந்து உக்காந்து நல்லாப் பாத்துட்டுப் போங்க!”

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. மழை பிடித்துக்கொண்டது, அம்மையைப் பரப்புகிற கொசு பெருத்துவிட்டது. கிழக்குத் தெரு அம்மை வேலி தாண்டி, தெரு முனையில் வேண்டாம் என்று சொன்னவர் வீட்டுக் கோழிகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் அச்சகத்துக்கு எதிரே பெட்டிக்கடை. சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது, அந்தக் கடைப் போனுக்கு என் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து பேசுவாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு என்று கடைக்காரர் நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

“வந்துச்சா?” என்பேன் நான்.

“வரலை. அம்மா தினமும் ஒவ்வொரு கோழியாப் பிடிச்சு இறக்கையைத் தூக்கித் தூக்கிப் பாக்குது. இப்பெல்லாம் அம்மாவைப் பாத்தாலே கோழி தானா இறக்கையைத் தூக்குது.”

ஒரு நாள், “கருப்புக் கோழிக்கு ஒரு கண்ணு மூடியிருக்கு,” என்றாள். அன்றைக்கு நான் துடைத்த ரோலரையே நாலு தடவை துடைத்தேன். மறுநாள், சேவல் கொத்தியதுதான், கண் திறந்துவிட்டது என்றாள். போனை வைத்ததும் டீயோடு வடையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வாரக் கடைசியில் போன் அடித்தது. எடுத்தால் அத்தை குரல். அத்தை போனில் பேசியதே கிடையாது. சிவகாசி தூரமாக இருக்கிறது என்பதால் அதற்குத் தக்கபடி கத்தினார்.

“மாப்ள! வந்துருச்சு! வந்துருச்சு மாப்ள! கருப்பிக்கு வந்துருச்சு, செவலைக்கு வந்துருச்சு, அம்புட்டுக்கும் வந்துருச்சு!”

“வந்துருச்சா!” என்று நானும் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கத் துணி இருந்தும் துடைக்கத் தோன்றவில்லை.

பெட்டிக்கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீ குடித்துக்கொண்டிருந்த மெஷின்மேன் ஓடிவந்து கட்டிக்கொண்டார். “என்ன பிள்ளைடா? என்ன பிள்ளை?”

“பக்குண்ணே,” என்றேன் நான், சந்தோஷத்தில் யோசிக்காமல்.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மெஷின்மேன் எல்லாருக்கும் தேன்மிட்டாய் வாங்கிவிட்டிருந்தார். வாங்கியது வாங்கியதுதானே என்று கோழிகளின் பேரில் தின்றோம்.

அம்மை அந்தத் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முனை வீட்டோடு திரும்பிப் போனது. தை பிறந்த பிறகு எங்களுக்கு மகள் பிறந்தாள். என் அம்மாவும் சொந்தக்காரர்களும் பார்க்க வருகிற நாளில் அத்தை அரிவாள்மனையைக் கழுவி வைத்துவிட்டுக் கூட்டைத் திறந்தார். ஒரு கோழியைப் பிடித்தார், விட்டார். இன்னொன்றைப் பிடித்தார், அதையும் விட்டார்.

“என்ன அத்தை?”

“இதுக்குத்தான் மாப்ள முதல்ல பக்கு வந்துச்சு. அதோ, அது கண்ணு மூடிக் கிடந்து பிழைச்சது. தினமும் கையில பிடிச்சுப் பாத்துப் பாத்து…” என்று சொல்லிக்கொண்டே அந்தக் கோழிகளைப் பார்த்தார். அவை நம்பிக்கையாக இறக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. வாசலில் வேன் வரும் சத்தம். என் அம்மா இறங்கிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுப் பெரியம்மா நிலைமையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தன் கூட்டிலிருந்து நல்ல கனத்த வெடைக்கோழி ஒன்றைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார்.

“இந்தா, இதை அறுங்க மதினி. உங்க கோழியில ஒண்ணைக் குடுங்க, எங்க வீட்டுக்கு நான் அறுத்துக்கிடுறேன். எனக்கு ஒண்ணும் பாசமில்லை.”

மாற்றிக்கொண்டார்கள். சாறு கமகமவென்று கொதித்தது. என் மனைவி கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். என் அம்மா இரண்டாவது தடவையும் குழம்பு கேட்டார். நாட்டுக்கோழிதான் சம்பந்தி, நாக்குக்குத் தெரியுது என்றார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலை போட இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் அத்தை கொடுத்த கோழி காலில் கயிற்றோடு மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு தையும் முடிந்து, மாசியும் பாதி போய்விட்டது. பெரியம்மாவும் இன்னும் அதை அறுத்தபாடில்லை.